சுங்கை சிப்புட்டிலிருந்து வருபவருக்கு கே.எல். சென்ட்ரல் ஏன் ரயில் நிலையமாகத் தெரிவதில்லை?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் காலையில் ரயிலேறி, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணத்துக்குப் பின் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் இறங்கும் ஒருவர் முதலில் காண்பது வெளிச்சமில்லாத ஒரு நடைமேடையைத்தான். பகலிலும் அங்கே விளக்கு எரிகிறது. தலைக்கு மேலே வானம் இல்லை, கான்கிரீட் கூரைதான் இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதற்குள் கூட்டம் அவரை நகரும் படிக்கட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. மேலே வந்து வாயிலைக் கடந்தால் ரொட்டிக் கடையும் காப்பிக் கடையும் பணம் மாற்றும் கடையும் வரிசையாக நிற்கின்றன. ஒருமுறை என் அத்தையை அழைத்துச் சென்றிருந்தபோது, அந்தக் கூடத்தின் நடுவில் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டேஷன் எங்கப்பா?" என்று கேட்டார். நாங்கள் அப்போது நின்றுகொண்டிருந்ததே ஸ்டேஷன்தான்.

அத்தை கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஸ்டேஷனில் தண்டவாளம் கண்ணில் படும், வண்டி வருவது தூரத்திலேயே தெரியும், வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். கே.எல். சென்ட்ரலிலோ நாட்டின் மிகப் பெரிய ரயில் சந்திப்பு ரயிலைக் காட்டாமலேயே இயங்குகிறது. இது கட்டட வல்லுநரின் விருப்பத்தால் மட்டும் நேர்ந்ததன்று. அந்த நிலையம் எந்த நிலத்தில், யாருடைய பணத்தில், எந்த ஏற்பாட்டின் கீழ் எழுந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் அமைப்பு விளங்கும். அதைப் பார்க்கத் தொடங்கும்போது, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் கதை முன்பே கேட்டதுபோல் இருக்கும்.

மலாயாவின் ரயில் பாதைகள் பயணிகளுக்காகப் போடப்பட்டவையல்ல. 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஓடிய முதல் ரயில், ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதற்காகவே வந்தது. மறு ஆண்டு கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கம் இணைத்த பாதையும் அப்படித்தான். பின்னர் தனித்தனித் துண்டுகளாக இருந்த பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, 1903 அளவில் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர் பாதையாகவும், 1909இல் ஜொகூர் வரையிலுமாக நீண்டன. ரப்பர் தோட்டங்கள் பெருகியதும் அதே காலத்தில்தான். கப்பலில் பினாங்குக்கு வந்து, புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, பிறகு பிறையில் ரயிலேறித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்ற தமிழர்கள் எத்தனையோ பேர். தண்டவாளத்துக்கு மண் கொட்டியவர்களில் தமிழகத்துக் கூலிகளும், நிலையங்களில் கணக்கெழுதியவர்களில் யாழ்ப்பாணத்தாரும் மிகுதி. எல்பில், டவன்பி, ஹீவூட் போன்ற தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டுக்கு ரயில் நிலையம் என்பது வெளியுலகத்துக்கான வாசலாக இருந்தது. (சிப்புட் என்றால் மலாயில் நத்தை, மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் அந்தப் பெயருள்ள ஊரில் நிற்பதை இங்குள்ளவர்கள் எவ்வளவு கேலி செய்தாலும் அலுப்பதில்லை.)

கே.எல். சென்ட்ரலுக்குப் போவதற்கு முன்பே, நவீன ரயில் நிலையம் என்ன என்பதை இவ்வூரார் தங்கள் ஊரிலேயே கற்றுக்கொண்டார்கள். ரவாங்கிலிருந்து ஈப்போ வரையிலான மின்சார இரட்டைப் பாதை 2008இல் முடிந்தது. 2010 ஆகஸ்டில் இடிஎஸ் எனப்படும் விரைவு மின்ரயில் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் பாதை அதன் பின்னர் முடிந்து, 2015இல் இடிஎஸ் எல்லை வரை நீண்டபோதுதான் சுங்கை சிப்புட்டும் மின்பாதையில் சேர்ந்தது. அத்தனை வேகத்தில் வண்டி ஓடும் பாதையில் கேட் போட்டு லோரிகளை நிறுத்துவது நடவாத காரியம் என்பதால், சாலைகள் மேம்பாலமாகவோ சுரங்கவழியாகவோ மாற்றப்பட்டன. தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுவதால் பாதையின் இருபுறமும் வேலி வந்தது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் தண்டவாளத்தைத் தாண்டிக் குதித்த காலம் போய், படியேறி மேலே சென்று இறங்கும் காலம் வந்தது. சிறிய நிலையம் என்றாலும் பயணிகள் மேலே, ரயில் கீழே என்ற அடுக்கு இங்கேயே தொடங்கிவிட்டது. கே.எல். சென்ட்ரல் அதே அடுக்கை மிகப் பெரிய அளவில் செய்திருக்கிறது.

இப்போது அந்த நிலத்துக்கு வருவோம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்த பிறகு, நகரைச் செங்கல்லில் கட்ட வேண்டும் என்ற ஆணை வந்தது. அதற்குச் சூளை போட்ட இடமே, இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கும் பிரிக்பீல்ட்ஸ். பின்னர் ரயில்வே அங்கே பணிமனைகளையும், சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பரந்த முற்றத்தையும், ஊழியர் குடியிருப்புகளையும் அமைத்தது. தமிழ் ரயில்வேக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. பயணிகள் நிலையம் மட்டும் சற்று வடக்கே இருந்தது: 1910இல் திறக்கப்பட்ட, ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்த, குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட வெள்ளைக் கட்டடம். ஈப்போ நிலையமும் அவர் வரைந்ததுதான், 1917இல் முடிந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே போகும் எவரும் அந்த இரண்டையும் கடந்துதான் கே.எல். சென்ட்ரலை அடைகிறார்கள் என்பதால், பழையதையும் புதியதையும் ஒரே பயணத்தில் ஒப்பிட முடிகிறது.

அந்தப் பழைய நிலையங்களை நினைத்து உருகுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே ஓட்டல் இருந்தது. நிலையத்தோடு வாணிபத்தைச் சேர்ப்பது வெள்ளையர் காலத்திலேயே இருந்த பழக்கம்தான். வேறுபாடு எங்கே என்றால், அன்று ஓட்டல் ரயிலுக்குத் துணையாக இருந்தது, கே.எல். சென்ட்ரலில் ரயில், கட்டடங்களுக்குத் துணையாக வைக்கப்பட்டது.

சரக்குப் போக்குவரத்தின் தன்மை மாறிய பிறகு, நகர நடுவிலிருந்து கூப்பிடு தூரத்தில் 72 ஏக்கர் சமநிலம் ஒரே உரிமையாளரின் கையில் கிடந்தது. தோட்டக் கணக்கில் 72 ஏக்கர் ஒரு பெரிய பரப்பே அல்ல. தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷனில் ஒரு மூலைக்குத்தான் தேறும். ஆனால் கோலாலம்பூரின் நடுவில் அது தங்கச் சுரங்கம். 1994இல் அரசாங்கம் எம்ஆர்சிபி என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்புக்கு இப்பொறுப்பை அளித்தது. ஏற்பாட்டின் சாரம் எளிது: தனியார் தரப்பு நிலையத்தைக் கட்டிக் கொடுக்கும், அதற்கு ஈடாகச் சுற்றியுள்ள நிலத்தில் அலுவலகங்களையும் ஓட்டல்களையும் குடியிருப்புகளையும் கட்டி விற்கும் உரிமையைப் பெறும். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை வரைந்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாதான் இதன் பெருந்திட்டத்தையும் வரைந்தார். 2001 ஏப்ரல் 16 அன்று நிலையம் திறக்கப்பட்டு, தொலைதூர ரயில்கள் பழைய கட்டடத்திலிருந்து இங்கே மாறின.

இந்தப் பரிமாற்றம் புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். நிலத்தை விற்றுத்தான் நிலையத்தின் செலவை ஈடுகட்ட வேண்டும் என்றால், தண்டவாளத்தின் மேலே வெறும் வானத்தை விட்டுவைப்பது கட்டுப்படியாகாது. ஆகவே தண்டவாளம் தளத்தின் அடியில் போனது. அதன் மேலே கூடம் வந்தது. கூடத்தைச் சுற்றிக் கோபுரங்கள் எழுந்தன. பகல் வெளிச்சமும் காற்றும் நடைமேடைக்கு எட்டாமல் போனது அதன் விளைவு. பயணி நடந்துபோகும் வழியே கடைக்காரருக்கு வருமானம் என்பதால், நேர்வழி என்பது அங்கே யாருக்கும் ஆதாயம் தராத ஒன்று. இதைச் சதி என்று சொல்வது மிகை. நாற்காலிகள் குறைவாக இருப்பதும், நின்றுகொண்டே காத்திருக்க நேர்வதும், கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து உண்ண ஓர் ஓரம் கிடைக்காததும் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை என்றுதான் நான் எண்ணுகிறேன்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இக்கணக்கு பழக்கமானது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்ட உரிமையாளர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, அங்கே பால் மரம் சீவியவர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். மண்ணில் விளைவதைவிட மண்ணே விலைபோகும் என்ற நிலை வந்தால் விளைச்சலோடு பிணைந்த மனிதருக்கு அங்கே இடம் சுருங்குகிறது. பின்னாளில் ரப்பர் செம்பனையானதும், செம்பனை தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளானதும் அதே போக்குத்தான். பிரிக்பீல்ட்ஸ் முற்றத்திலும் நடந்தது இதுவே: பெட்டிகளைக் கோக்கும் இடமாக இருப்பதைவிட, கோபுரங்களைத் தாங்கும் இடமாக அந்த மண் அதிகம் பெறுமதி கொண்டது. ரயில்வேக் குடியிருப்புகளும் அதனோடு மறைந்தன.

தோட்டத் துண்டாடலுக்கு மாற்றாக, தொழிலாளர்களே சிறு தவணைகளில் பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்க வேண்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். அவர் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். நெடுங்காலம் இவ்வூர் நாடாளுமன்ற உறுப்பினர். ஊரின் மகாத்மா காந்தி கலாசாலையும் அவர் முயற்சியில் எழுந்ததுதான். கே.எல். சென்ட்ரலை ஒட்டி ஓடும் பெருஞ்சாலைக்கு, முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை என்றிருந்ததற்கு, இப்போது அவர் பெயர். அச்சாலையின் மேலே ஓடும் மோனோரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரே துன் சம்பந்தன். நம் ஊர்க்காரர் இறங்கியதும் முதலில் வழிகேட்கும் சாலை நம் ஊர்க்காரரின் சாலை என்பதை எங்கள் பிள்ளைகளில் பலர் அறிவதில்லை.

மோனோரயில் என்றதும் இன்னொரு சிக்கல் வந்து நிற்கிறது. ஒரே கூரையின் கீழே இத்தனை ரயில்கள் இருக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஏன் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து மீண்டும் நுழைய வேண்டியிருக்கிறது? கோலாலம்பூரின் நகர ரயில்கள் ஒரே திட்டமாகப் பிறக்கவில்லை என்பதே விடை. தேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் 1995இல் வந்தது. புத்ரா எல்ஆர்டி என்ற இலகு ரயில் 1998இல் ஒரு தனியார் உரிமத்தின் கீழ் ஓடத் தொடங்கியது. விமான நிலையத்துக்கு 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கும் விரைவு ரயில் 2002இல் வேறொரு நிறுவனத்தின் உரிமத்தில் வந்தது. மோனோரயில் 2003 ஆகஸ்ட் 31 அன்று இன்னொரு நிறுவனத்தால் திறக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனி முதலீடு, தனிக் கடன், தனிக் கட்டணம். ஒருவர் பயணியை இன்னொருவரின் வாயிலுக்குள் எளிதாகக் கைமாற்றிவிட எந்த அவசியமும் இருக்கவில்லை. 1997இன் நிதி நெருக்கடி நகர ரயில் நிறுவனங்களை நொடிக்கச் செய்த பின், அரசாங்க நிறுவனமான பிரசாரானா 2002இல் எல்ஆர்டி பாதைகளையும் 2007இல் மோனோரயிலையும் எடுத்துக்கொண்டது. உரிமை ஒன்றானாலும் கான்கிரீட் முன்பே காய்ந்துவிட்டிருந்தது.

அதிலும் மோனோரயில் நிலையத்தின் கதை தனி. பெயர் கே.எல். சென்ட்ரல் என்றிருந்தும், அது சாலையோரத்தில் தனித்து நின்றது. மழையில் பையும் குழந்தையுமாகத் திறந்தவெளியைக் கடந்துதான் அங்கே போக வேண்டியிருந்தது. 2014இல் இடையில் நு சென்ட்ரல் பேரங்காடி திறக்கப்பட்ட பின் நனையாமல் போக முடிகிறது, ஆனால் பேரங்காடியின் ஊடாகத்தான். பதினோரு ஆண்டு காத்திருந்து கிடைத்த நடைபாதைக்கும் வாடகைக்கு விட்ட கடைகளே சுவராக அமைந்தன. 2017இல் எம்ஆர்டி என்ற பெருவிரைவு நகர ரயில் வந்தபோது அதன் நிலையம் முசியம் நெகாரா என்ற பெயரில் மறுபுறம் அமைந்தது. சுமார் 240 மீட்டர் நீளமுள்ள மூடிய நடைபாதை இரண்டையும் இணைக்கிறது. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அந்தத் தூரம் வரைபடத்தில் தெரிவதைவிடப் பெரிது.

இவற்றை அறிந்து செல்வோருக்குப் பயணம் எளிதாகும். பத்துமலைக்குப் போகிறவர்கள், அதிலும் தைப்பூசத்துக்குச் செல்லும் குடும்பங்கள், கே.எல். சென்ட்ரலில் கொமுட்டருக்கு மாறுகிறார்கள்; 2010இல் பத்துமலை வரை பாதை நீட்டப்பட்டதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர்கள் ஏறும் கொமுட்டர், தாங்கள் வந்த தடத்திலேயே புத்ரா நிலையம் வரை திரும்பிச் சென்று பிறகுதான் செந்தூல் பக்கம் பிரிகிறது. பழைய கோலாலம்பூர் நிலையத்தில் நிற்கும் இடிஎஸ்ஸில் வந்தால் அங்கேயே இறங்கி, ஹப்பக்கின் வளைவுகளின் கீழே காற்றாட நின்று அதே கொமுட்டரைப் பிடிக்கலாம். கூட்டமும் குறைவு, ஏறியிறங்கும் தொல்லையும் குறைவு. டாமன்சாரா பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் சுங்கை பூலோவிலேயே இறங்கி எம்ஆர்டிக்கு மாறலாம். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கே.எல். சென்ட்ரலில்தான் இறங்கி மாறுகிறார்கள்; அந்த நிலையம் உண்மையில் யாரை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டதோ அவர்கள் இவர்கள்தான் என்பதை விரைவு ரயிலின் கூடத்தில் உள்ள ஒழுங்கும் அமைதியும் சொல்லிவிடும்.

பயணச்சீட்டுகளும் ஒன்றல்ல. இடிஎஸ்ஸுக்கு ஒவ்வொருவர் பெயரிலும் அடையாள அட்டை எண்ணோடு முன்பதிவு வேண்டும். கைப்பேசிச் செயலியில் எடுத்தால் கட்டங்கட்டமான கியூஆர் குறியை வாயிலில் காட்ட வேண்டும். எல்ஆர்டிக்கு இயந்திரத்திலிருந்து நீல நிறப் பிளாஸ்டிக் வில்லை விழும், அல்லது முன்பணம் ஏற்றிய டச் அண்ட் கோ அட்டையைத் தட்டலாம். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் இடிஎஸ் இருக்கைகள் முன்கூட்டியே தீர்ந்துவிடுகின்றன. முன்பு வண்டி நிரம்பியிருந்தாலும் ஏறி நின்றுகொண்டாவது ஊர் போய்ச் சேர்ந்த தலைமுறைக்கு, இருக்கை இல்லாவிட்டால் பயணமே இல்லை என்பது இன்னும் ஜீரணிக்க முடியாத விதிதான்.

திரும்பும் பயணத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இடிஎஸ் பயணிகள் நடைமேடையில் காத்திருக்க முடியாது; மேலே கூடத்தில் நின்று, வாயில் திறந்ததும் கீழே இறங்க வேண்டும், புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே வாயில் மூடப்பட்டும் விடும். இது விமான நிலையத்திலிருந்து வந்த பழக்கம். அடியில் உள்ள குறுகிய நடைமேடைகளில் கூட்டம் தேங்கக் கூடாது என்பதற்கு இதைவிட்டால் வழியும் இல்லை. வழியனுப்ப வருகிறவர்களின் பயணம் வாயிலோடு முடிகிறது. ஜன்னலோரக் கையசைப்பு அங்கே இல்லை.

அத்தை அன்று மாலை அறிவிப்புப் பலகையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுங்கை சிப்புட் என்ற பெயர் கண்ணில் படவில்லை. பலகையில் பெரிதாகத் தெரிவது ரயில் போய்ச் சேரும் கடைசி ஊரின் பெயர்தான்: பாடாங் பெசார், பட்டர்வொர்த். இரண்டில் எது நம் வண்டி என்று கேட்டார். இரண்டு பாதைகளும் புக்கிட் மெர்தாஜாமில்தான் பிரிகின்றன. சுங்கை சிப்புட் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆகவே எந்தப் பெயரானாலும் நமக்கு ஒன்றுதான், வண்டி நம் ஊரில் நிற்குமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் எல்லா இடிஎஸ்ஸும் அங்கே நிற்பதில்லை என்று சொன்னேன். சீட்டை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்து, ஊர்ப் பெயர் அதில் அச்சாகியிருப்பதைப் பார்த்த பிறகே அவர் பையைத் தூக்கினார்.